கை எட்டும் இடத்துக்கு ஒரு சொல்

அலுவலகத்தில் அவனுக்கு அகராதி என்று பெயர். யார் எந்தச் சொல்லைக் கேட்டாலும் கையில் பதில் வைத்திருந்ததால் வந்த பெயர். அது பதிலுக்காக வந்ததல்ல, பதில் சொல்லும் தோரணைக்காக வந்தது என்று வரவேற்பில் இருந்த பெண் சொல்வாள். கைபேசி விளையாட்டுகள் செய்யும் நிறுவனம் அது. ஆங்கிலத்தில் வரும் 'இங்கே தட்டவும்', 'மீண்டும் முயலவும்' வகையறாவைத் தமிழில் எழுதுவதுதான் அவன் வேலை. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

அப்படி இருந்தவனுக்குத்தான் ஒரு நாள் பெரிய வேலை வந்தது. புதிதாகச் செய்யும் விளையாட்டில் சதுப்பு நிலத்தில் சேற்றுக்குள் வாழும் ஒரு கூட்டம் வருகிறது. அவர்கள் பேசுவதற்கு உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு மொழி வேண்டும். "நீதானே அகராதி, நீயே ஒண்ணு பண்ணு" என்றார் இயக்குநர் அம்மா.

ஒலிகளை முதலில் முடித்தான். சேற்றில் வாய் திறந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து வல்லெழுத்துகள் பாதியைக் கழித்தான். பிறகு பெயர்கள். பிறகு வினைகள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆங்கில வசனத்தில் இடம் சொல்லும் சின்னச் சொற்களில் வந்து வண்டி நின்றுவிட்டது. முட்டை கல்லுக்கு அடியில் இருக்கிறது, குளத்துக்கு அந்தப் பக்கம் போ, என்னோடு வா என்று வரிக்கு வரி வந்தன. இன், ஆன், அட், அண்டர், பை, வித். நாம் சொல்லுக்குப் பின்னால் ஒட்டவைப்பதை அவர்கள் முன்னால் நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான் என்று அலட்சியமாக நினைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலியைப் பொருத்தி எடுத்துக்கொண்டு போனான்.

இயக்குநர் அம்மாவுக்குச் சோதிக்கும் வழி ஒன்று உண்டு. மேசைமேல் தன் சாப்பாட்டு டப்பாவையும் ஒரு ரப்பர் பந்தையும் எடுத்து வைப்பார். புது மொழியில் கேள்வி வரும். பந்தை டப்பாவுக்குள் போட்டார்.

"இது?"

"கிர்."

டப்பாவின்மேல் வைத்தார். "இது?"

"கிரா."

அடியில் திணித்தார்.

"கிரு, மேடம்."

"இங்கிலீஷுக்கு ஒட்டு மீசை வச்ச மாதிரி இருக்குப்பா" என்றார். "சேத்துல கெடக்கறவங்களுக்கு உள்ள என்ன, மேல என்ன? எல்லாம் சேறுதானே. அவங்களுக்கு எது முக்கியம்னு யோசிச்சியா?"

இரண்டாம் முறையும் மீசை மாறியதே தவிர முகம் மாறவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம். வரலைன்னா ஒண்ணும் தப்பில்ல, வெளியில யாரையாவது கேட்டுக்கறேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

வீடு இரண்டாம் மாடியில். அம்மாவும் தங்கையும் அவனும். அம்மா துணி அளவு குறைத்துத் தைத்துக்கொடுக்கும் கடையில் வேலை பார்த்தாள், ஏழு மணிக்குத்தான் வருவாள். பகலெல்லாம் தங்கையை மேல்வீட்டு நர்ஸ் அக்கா வந்து வந்து பார்த்துக்கொள்வாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். அவன் வேலை முடிந்து வந்ததிலிருந்து அம்மா வரும்வரை உள்ள நேரம் அண்ணனுக்கும் தங்கைக்கும் மட்டுமான நேரம்.

தங்கையை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பாப்பாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. பிறந்தபோதே தசைகள் இறுகிப்போனவள். வலது கை ஓரளவு வரும், அதுவும் சொன்ன பேச்சைப் பாதிதான் கேட்கும். நாக்கும் அப்படித்தான். மூளைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. சன்னலோரக் கட்டிலில் சாய்ந்தபடி தெருவில் யார் வண்டியை யார் வாசலில் நிறுத்துகிறார்கள், யார் வீட்டில் யாரோடு பேச்சு இல்லை என்பதெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தாள். அண்ணனுக்கு அவள் வைத்திருந்த பெயர் மண்டு. 'ம்' என்று உதட்டை மூடி ஆரம்பிக்கும் சொற்கள் அவளுக்குச் சுலபம், அதனால்தான் அந்தப் பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். இல்லவே இல்லை என்று அம்மா சொல்வாள்.

வாய்க்கு வரும் ஒலிகளைக்கொண்டு சின்ன வயதிலேயே அவள் சில சொற்கள் செய்துவைத்திருந்தாள். தன் கை தானாகப் போய் எடுக்கக்கூடிய இடம் 'பா'. அது தலையணைமேல் இருந்தாலும் சரி, போர்வைக்கு அடியில் இருந்தாலும் சரி, பா. இன்னொருவர் எடுத்துக் கொடுக்கவேண்டிய இடம் 'ஙா'. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அங்கேதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்த இடம் 'மூம்'. அலமாரிக்குள், அம்மாவின் பைக்குள், கதவுக்குப் பின்னால், எல்லாம் மூம். யார் போனாலும் எடுக்கமுடியாத இடம் 'லேலே'. நூல் அறுந்து பறந்துபோன காற்றாடி லேலே. மழையில் அடித்துக்கொண்டு போன செருப்பு லேலே. அப்பா இறந்தபோது எங்கே என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டாள், அம்மா அந்தச் சொல்லைத்தான் பதிலாகச் சொன்னாள்.

வீடு முழுக்க அதைத்தான் பேசியது. "என் கண்ணாடி மூம்ல எங்கடி வச்சேன்?" என்று அம்மா தேடுவாள். நர்ஸ் அக்காவுக்குக்கூடப் பாதி வந்துவிட்டது.

வியாழக்கிழமை மாலை பாப்பாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தான். சீப்பு கட்டிலிடுக்கில் விழுந்தது.

"ஙா" என்றாள்.

"இரு, எடுக்கறேன்."

எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான். கட்டிலுக்குக் கீழே அல்ல, கட்டிலுக்கு உள்ளே அல்ல, பக்கத்தில் அல்ல. ஒரு ஙா. ஆங்கிலத்தின் அத்தனை சின்னச் சொற்களையும் அவள் நாலே சொல்லில் போட்டு அடக்கியிருந்தாள். பொருள் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு ஒரு கேள்வியே இல்லை, யாருடைய கைக்கு எட்டும் என்பதுதான் கேள்வி. சேற்றில் இருப்பவர்களுக்கும் அதுதானே.

"மண்டு" என்றாள் பாப்பா. பாதி வாரிய தலையோடு காத்திருந்தாள்.

மறுநாள் மேசைமேல் டப்பாவும் பந்தும் வந்தன. அவன் பந்தின் இடத்தைப் பார்க்கவில்லை, இயக்குநர் அம்மாவின் கையைப் பார்த்தான். "உங்களுக்கு பா. எனக்கு ஙா" என்றான். பந்தை உள்ளே போட்டு டப்பாவை மூடினார். "ரெண்டு பேருக்கும் மூம்." அவர் பந்தை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்ச் சன்னல் வழியாக வெளியே எறிந்தார். கீழே சாக்கடை.

"லேலே."

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இயக்குநர் அம்மா நாற்காலியில் சாய்ந்து அவனையே பார்த்தார். "எங்கேருந்துப்பா பிடிச்ச?"

"தோணிச்சு மேடம்."

காது மடல் சுட்டது. ஆனாலும் சொல்லிவிட்டான். நாலு ஒலிதானே, சொல்லுக்கு யார் சொந்தக்காரர், அவளிடம் இருந்து எதுவும் குறைந்துவிடவில்லையே என்று வீடு போகும்வரை வரிசையாக நியாயங்களை அடுக்கினான். அடுக்கியது நன்றாகவே நின்றது. அன்று மாலை பாப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசாமல், சோறு ஊட்டும் கரண்டியைப் பார்த்தே பேசினான்.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு திருட்டு, அவ்வளவுதான். ஒலிப்பதிவு நாள் வந்தது.

குரல்காரர் வயதானவர், நூறு விதமாகப் பேசத் தெரிந்தவர். கண்ணாடி அறைக்குள் காதில் கருவி மாட்டிக்கொண்டு அவன் எழுதிக் கொடுத்ததை ஒரு தடவை வாசித்தார். சுத்தமாக, செய்தி வாசிப்பதுபோல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இயக்குநர் அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"உசிர் இல்லையே. அகராதி, உன் மண்டைக்குள்ள அவங்க எப்படிப் பேசறாங்க? நீ போய்ப் பேசிக் காட்டு."

போனான். ஒலிவாங்கிமுன் நின்றான். அவன் மண்டைக்குள் அந்தச் சொற்களுக்கு ஒரே ஒரு குரல்தான் இருந்தது. கண்ணை மூடினான். தாடை ஒரு பக்கம் தானாக இழுத்துக்கொண்டது. கழுத்து பின்னால் போனது. 'ஙா' என்பதற்கு முன்னால் வரும் அந்த முக்கல், 'லேலே' என்பதில் இரண்டாவது எழுத்து வழுக்கி நீளும் இழுப்பு, கடைசியில் மூச்சு வாங்கும் சத்தம். ஒன்று விடாமல் வந்தது. அவளுக்கு நெருக்கமானவன் என்பதால் அவ்வளவு சுத்தமாக வந்தது.

கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒலிப்பதிவுக்காரர் மேசையில் தலை வைத்துக் குலுங்கினார்.

"அடேயப்பா" என்றார் குரல்காரர். "நீங்களே தொழிலுக்கு வந்துடலாம்போல. யாரையாவது பாத்துப் பிடிச்சதா தம்பி?"

"இல்லைங்க. சும்மா."

"இன்னொரு தடவை அந்த லேலே மட்டும்."

செய்தான். சிரிப்பு வந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்தான். அதைத்தான் பிறகு அவனால் எந்தக் கணக்கிலும் சேர்க்கமுடியவில்லை. முதல் தடவை வாய் தானாகச் செய்தது என்று சொல்லலாம். இரண்டாம் தடவை சிரிப்பு வேண்டும் என்று செய்தான்.

குரல்காரர் அரை மணியில் பிடித்துக்கொண்டார், அவனைவிட நன்றாக. அந்த வாரத்திலிருந்தே அலுவலகத்தில் அது பரவியது. காபி இயந்திரம் காலியா, "லேலே". மின்தூக்கி வரவில்லையா, தாடையைக் கோணி, "லேலே". வரவேற்புப் பெண் ஒரு நாள் அவனைப் பார்த்ததும் கழுத்தைப் பின்னால் சாய்த்து முக்கினாள். அவனும் சிரித்தான். கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றான்.

விளம்பரம் வெளியாகும் தேதி அவனுக்குத் தெரியும். வீட்டில் யாரும் விளையாட்டு ஆடுவதில்லை, அவர்கள் கண்ணில் படாது என்று நம்பிக்கொண்டிருந்தான். பாப்பாவின் பலகைக் கணினியில் பார்க்கும் சீரியலுக்கு நடுவே விளம்பரம் வரும் என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை. தோன்றியிருக்கவேண்டும், அது அவன் தொழில்.

அன்று அவன் வீடு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சீரியலில் மாமியார் ஏதோ கேட்க வாயெடுத்தபோது திரை பச்சையானது. சேற்றிலிருந்து ஒரு உருண்டைத் தலை எழுந்தது.

"ஙா" என்றது அது.

பாப்பாவின் முகம் மலர்ந்தது. அவன் பக்கம் திரும்பி, "நம்ம" என்றாள். அவளுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல நேரமாகும். நம்முடையது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் சேற்று மனிதன் தாடையை ஒரு பக்கம் இழுத்து, முட்டையைத் தவறவிட்டு, தடுமாறிக் குப்புற விழுந்து, "லே-லேஏஏ" என்றான். பின்னணியில் பலபேர் சிரிக்கும் சத்தம்.

விளம்பரத்தைத் தவிர்க்கும் பொத்தானை நோக்கி அவன் கை நீட்டினான். பாப்பா தன் வலது கையைத் திரைக்குக் குறுக்கே போட்டாள். அந்தக் கை அவள் சொன்னதை முழுசாகக் கேட்டதை அவன் அப்போதுதான் பார்த்தான். விளம்பரம் முழுதும் ஓடியது. பிறகு மாமியார் தன் கேள்வியைக் கேட்டாள்.

சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா அதைப் பார்க்கவில்லை. அடுத்த இடைவேளையிலும் அதே விளம்பரம் வந்தது. இந்த முறை முழு நேரமும் அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா?" என்றாள்.

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"யா..." மூச்சு வாங்கியது. "யாரு?"

"குரல் குடுக்கறவர் ஒருத்தர். பெரியவர்."

அவள் தலையை அசைத்தாள். அவள் கேட்டது அதை அல்ல. மறுபடி ஆரம்பித்தாள். சொல்லிக்கொடுத்தது யார் என்ற அந்தக் கேள்வியை அவள் நாக்கு கட்டி முடிக்கும்வரை அவன் நின்றுகொண்டிருந்தான். பாதியிலேயே புரிந்திருந்தும் அவளுக்கு உதவி செய்யவில்லை.

"நான்தான்" என்றான்.

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தால் சத்தமாக வரும், தெருவுக்கே கேட்கும். வரவில்லை. அம்மா வந்து பையை வைத்து, "என்னடி, இன்னிக்கு எந்த வீட்டுல சண்டை?" என்றபோது கண்ணைத் திறந்தாள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. காட்டிக்கொடுத்திருக்கலாம், அதற்குச் சொற்கள் அவளிடம் இருந்தன.

மறுநாளிலிருந்து அவன் இருக்கும்போது அவள் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் இமையால் ஆம், இல்லை. சீப்பு விழுந்தால் ஙா இல்லை, விழுந்தது விழுந்தபடி கிடக்கும், அம்மா வரும்வரை. மண்டு என்றுகூடச் சொல்லவில்லை. அவனை மண்டு என்று கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

அம்மாவுக்கு அது தெரியாமல் போகுமா. அவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"என்னடா பண்ணின அவளை?"

சொன்னான். வரிசை மாறாமல், சீப்பு விழுந்ததிலிருந்து சொன்னான். ஒலிப்பதிவு அறையில் இரண்டாம் தடவை இழுத்ததையும் சொன்னான். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"பழைய வீட்டுல இருந்தப்ப ஒரு பையன் அவளை மாதிரி வாயைக் கோணிக் காட்டினான்னு தெருவுல நின்னு கத்தினேனே. அவங்க வீட்டுக்குள்ள பூந்து இழுத்துட்டு வந்தேன்."

"ஞாபகம் இருக்கும்மா."

"அவனுக்கு எட்டு வயசுடா" என்றாள் அம்மா. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

அவன் இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போனான். வழியெல்லாம் ஒரு நல்ல காரணம் தேடினான். குரல் பொருந்தவில்லை என்று சொல்லலாம், சொற்கள் வேறொரு விளையாட்டில் இருக்கின்றன என்று சொல்லலாம். நாற்காலியில் உட்காரும்வரை பொய்தான் தயாராக இருந்தது.

"அந்தச் சொல்லெல்லாம் என் தங்கச்சியோடது மேடம். குரலும் அவளோடதுதான். அவ அப்படித்தான் பேசுவா. அவளுக்கு உடம்பு அப்படி."

அவர் முகம் மாறியதைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த டப்பாவைப் பார்த்தான்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார் கடைசியில். "நானும் சிரிச்சேனே."

அதை அவன் எதிர்பார்க்கவில்லை. அவர் வெட்கமும் சேர்ந்து தன் கணக்கில் ஏறுவதுபோல் இருந்தது.

"குரலை மாத்திடலாம்" என்றார். "சொல்லு இருக்கட்டும். உன் தங்கச்சி பேரையே போட்டுடறேன், மொழி ஆலோசகர்னு. நல்ல விஷயம்தானே? பத்திரிகையில கூட எழுதுவாங்க, வந்து படம் எடுப்பாங்க."

"வேணாம் மேடம்."

"அவளைக் கேட்டியா?"

"அவ என்கிட்ட பேசறதில்ல."

அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லையும் எடுத்துட்டா எதைப் போடறது?"

"கிர், கிரா, கிரு."

"அந்த ஒட்டு மீசையா?"

"ஆமா மேடம். அதுதான் என்னோடது."

ஒத்துக்கொண்டார். மனசு கேட்டு ஒத்துக்கொண்டாரா, நாளைக்கு யாராவது தோண்டி எடுத்தால் நிறுவனத்துக்குக் கெட்ட பெயர் என்று ஒத்துக்கொண்டாரா தெரியாது, இரண்டையுமே சொன்னார். விளம்பரம் நின்றது. விளையாட்டில் சேற்று மனிதர்கள் செய்தி வாசிப்பவர்கள் மாதிரி 'கிர்' என்றார்கள், யாரும் சிரிக்கவில்லை. அவனுடைய பெரிய வேலை அதோடு முடிந்தது, 'மீண்டும் முயலவும்' எழுதத் திரும்பினான். ஆனால் போன சொல் போனதுதான். பேருந்து நிறுத்தத்தில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள், போய்விட்ட பேருந்தைக் காட்டித் தாடையைக் கோணி, "லேலே" என்று சிரித்துக்கொண்டார்கள். அவன் தலைகுனிந்துகொண்டான். யாரைப் போய் வீட்டுக்குள் புகுந்து இழுத்துக்கொண்டு வருவது.

விளையாட்டிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது என்று பாப்பாவிடம் சொன்னான். மன்னிச்சிடு என்றும் சொன்னான். அவள் முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டு சன்னலுக்கு வெளியே பார்த்தாள். இமைகூட அசையவில்லை.

அம்மா மாலை வேலையைக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் வர ஆரம்பித்தாள். காரணம் சொல்லவில்லை. அப்படி ஒரு நாள் அவன் படியேறி வரும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. பாப்பா எதிர்வீட்டுக்காரர் வண்டியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பா, மூம், நடுவே ஒரு நீளமான முக்கல், மறுபடி மூம். அம்மா, "அடிப்பாவி, அவர் பொண்டாட்டிக்குத் தெரியுமா?" என்றாள். பாப்பாவின் சிரிப்பு வந்தது, மூச்சு வாங்குகிற, தெருவுக்கே கேட்கிற சிரிப்பு.

சாவி கையில் இருந்தது. பூட்டில் அது பட்டதும் உள்ளே சத்தம் நின்றுவிடும், தினமும் அப்படித்தான் நிற்கிறது. அவன் இரண்டு படி இறங்கி உட்கார்ந்தான்.

நர்ஸ் அக்கா காய்கறிப் பையோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"என்ன தம்பி இங்க உக்காந்துட்ட? சாவி இல்லையா?"

"இருக்குக்கா."

"பின்ன?"

"அவங்க பேசிட்டு இருக்காங்க."

அக்கா கொஞ்சம் நின்று காது கொடுத்தாள். உள்ளே பாப்பா இன்னும் அந்த வண்டியை விடவில்லை. "அவ ஆரம்பிச்சா இப்போதைக்கு முடிக்கமாட்டா" என்றாள் அக்கா.

"முடிக்கட்டும்" என்று சொல்லி, அவள் ஏறிப்போக வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்தான்.